தண்ணீர் வற்றினாலும் ஏரி

“தண்ணி வத்திட்டா அது ஏரி இல்லன்னு ஆயிடுமா சார்?” வருவாய்த் தரப்பிலிருந்து வந்தவர் கேட்டார். பாசனம், வருவாய், குடிநீர் என்று மூன்று தரப்புகளின் நீர்நிலைப் பட்டியல்களையும் ஒரே பொது ஆன்டாலஜியாக, அதாவது சொற்களின் பொருளையும் உறவையும் கணினிக்குப் புரியும்படி எழுதிய அமைப்பாக, இணைக்கும் வேலை எங்களுடையது. ஆகாது என்று சரியான பதில்தான் சொன்னோம். பிழை அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது.

பாசனத் தரப்புக்கு ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்). வருவாய்த் தரப்புக்குப் புல எண்ணும் பரப்பும். குடிநீர்த் தரப்பு அடியிலும் மில்லியன் கன அடியிலும் பேசும்: செம்பரம்பாக்கம் என்றால் ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645. 2019 கோடையில் வறண்டு கிடந்தபோதும் அது ஏரிதான். எனவே நீர் இருப்பதை ஒரு நிலையாகவும் ஏரியை ஓர் அமைப்பாகவும் பிரித்து, ‘நீரைத் தேக்கக் கரை கட்டிய, கலங்கல் உள்ள நிலப்பரப்பு’ என்று வரையறுத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நம்பி, மூன்று பட்டியல்களின் ‘ஏரி’ வகுப்புகளையும் ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓடபிள்யூஎல்லில் (OWL) ஈக்விவலன்ட் கிளாஸ் என்று, அதாவது ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றவற்றிலும் இருக்கும் என்று, இணைத்தோம்.

குடிநீர்ப் பட்டியலில் ‘ஏரி’ ஏற்கெனவே ‘குடிநீர் ஆதாரம்’ என்பதன் துணை வகுப்பு. எழுதியவற்றிலிருந்து முடிவுகளைத் தானே வருவிக்கும் மென்பொருளான ரீசனரை ஓட்டியதும், மற்றப் பட்டியல்களின் ஏரிகளும் அதன் கீழ் வந்து, சாக்கடை கலக்கும் தாங்கலும் (சிறிய ஏரி) குடிநீர் ஆதாரமாகிவிட்டது. பிழைச் செய்தி வரவில்லை. ‘கழிவுநீர் கலந்த நீர்நிலை’, ‘குடிநீர் ஆதாரம்’ இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் வகுப்புகள் என்று எழுதியிருந்தால்தான் ரீசனர் முரணைக் காட்டும். எழுதாதவரை ஒரே நீர்நிலை இரண்டிலும் இருக்கலாம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

சொற்பட்டியல்களுக்கான தரமான ஸ்கோஸில் (SKOS), ‘ஏறக்குறைய ஒன்றே’ என்று மட்டும் சொல்லும் குளோஸ் மேட்ச் இணைப்பே போதுமாயிருந்தது. தேடும்போது மூன்று பட்டியலும் சேர்ந்து வரும். ஒன்றின் பண்பு மற்றதில் ஏறாது. ஆனால் அவரவர் பொருளை அவரவரே வைத்துக்கொண்டால் பொது ஆன்டாலஜி எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. நிலம், கட்டுமானம், நீர்த்திரள் என்று மூன்று வகுப்புகளாக உடைப்பதே துல்லியம். அன்று அப்படி உடைத்திருந்தால் ஒருவரும் ஒப்புதல் தந்திருக்க மாட்டார்கள் என்று இப்போதும் தோன்றுகிறது. அது காரணமா, சமாதானமா என்று தெரியவில்லை.

வரையறை வாக்கியத்தைக் கையிலெடுக்கும் முன் 20 பெயர்களைக் கொடுத்து, தரப்புக்கு ஒருவர் தனித்தனியே ‘ஏரி’, ‘ஏரி அல்ல’ என்று குறிக்கச் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கரணை சதுப்புநிலம், கோயில் குளம், புழல், குடிநீருக்குத் தண்ணீர் எடுத்த சிக்கராயபுரம் கல்குவாரி என்று வேண்டுமென்றே எல்லையில் நிற்கும் பெயர்களாக. குறிப்புகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ‘குடிநீருக்கு எடுக்கக்கூடிய மொத்தக் கொள்ளளவு எவ்வளவு?’ என்ற ஒரே வினாவை மாதிரித் தரவில் ஓட்டியிருந்தாலும் அந்தத் தாங்கல் வெளியே வந்திருக்கும்.

இப்போது ஈக்விவலன்ட் வரியை எடுத்தாயிற்று. மாம்பலம் ஏரிச் சிக்கல் மட்டும் தீராமல் நிற்கிறது. தூர்த்துத் தியாகராய நகராகிவிட்ட அதற்குக் கரையும் இல்லை, கலங்கலும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. எங்கள் வரையறைப்படி அது ஏரி அல்ல. அந்த வருவாய்த் தரப்புக்காரர் கேட்டால் என்ன சொல்வது? ஏரி இல்லாமல்போன தேதியைக் குறிக்க ‘முடிவு நாள்’ என்று ஒரு தரவுப் புலம் சேர்த்திருக்கிறோம். அதை யாரும் இன்னும் நிரப்பவில்லை.