மச்சங்களைக் கண்காணிப்பது: என் அனுபவம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பில் மச்சங்கள் அதிகம். கையில் வந்த ஓர் அரிப்புக்காகத் தோல் மருத்துவரிடம் போனபோதுதான், அவர் முதுகையும் காலையும் காட்டச் சொன்னார். 50 மச்சங்களுக்கு மேல் இருப்பவர்களுக்கு மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆனா இனிமே இதையெல்லாம் நீங்க மாசம் ஒரு தடவை பார்த்துட்டு வரணும்" என்றார்.

எதைப் பார்ப்பது என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார். நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள். மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமல் இருப்பது, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருப்பது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறங்கள் கலந்திருப்பது, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது. ஐந்தாவதாக 'மாற்றம்' 2004இல் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்த ஐந்தாவதைத்தான் முதலில் வைக்க வேண்டும். முதல் நான்கை மட்டும் வைத்துப் பார்த்தால் என் மச்சங்களில் பல சந்தேகத்துக்குரியவை. மருத்துவர் பார்த்ததும் அவற்றில் ஆபத்தில்லை என்று ஒதுக்கிவிட்டார். 6 மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருக்கும்போதே மெலனோமாவாக இருப்பவையும் உண்டு. இன்னொன்றும் சொன்னார்: ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும், அந்தக் கூட்டத்தோடு சேராமல் தனியாகத் தெரிவதை விடவே கூடாது.

மாறியிருக்கிறதா என்று ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் படம் எடுக்க ஆரம்பித்தோம். முதுகு என் கைக்கும் கண்ணுக்கும் எட்டாது, தங்கைதான் எடுத்தாள். தூரத்திலிருந்து ஒரு படம், அந்த மச்சம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு. அப்புறம் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கிட்டப் படம். ஒவ்வொரு தடவையும் அதே ஜன்னல் வெளிச்சம், அதே தூரம். ஃபிளாஷ் போட்டால் தோல் பளபளத்து நிறம் மாறித் தெரியும். போனில் முகத்தை அழகாக்கும் பியூட்டி மோடு இருந்தால் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். நாம் தேடுகிற புள்ளிகளைத்தான் அது அழிக்கும். படம் பிடித்தால் உடனே புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் செயலிகளை நான் நம்பவில்லை. படம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான், தீர்ப்பு மருத்துவருடையது.

எனக்கு அதிகம் பயம் தந்தது உள்ளங்காலில் இருந்த கறுத்த மச்சம். பயத்தில் நியாயமும் இருந்தது. மாநிறமும் கறுப்பும் உள்ளவர்களுக்கு மெலனோமா குறைவாகவே வருகிறது. ஆனால் வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். மருத்துவர் டெர்மோஸ்கோப்பை என் காலில் வைத்துப் பார்த்தார். விளக்கு பொருத்திய உருப்பெருக்கிதான் அது, சுமார் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். உள்ளங்கால் தோலில் ரேகை ரேகையாக மேடும் பள்ளமும் இருக்கும் அல்லவா, நிறம் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேடுகளில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது பள்ளத்தில் ஓடியது. அப்படியே விட்டுவிட்டோம்.

மாறியது, நான் கவலையே படாத ஒன்று. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே, தட்டையாக, வெளிர் பழுப்பில் இருந்தது. "அக்கா, இது போன தடவை இப்படி இல்லையே" என்று தங்கை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒரு ஓரம் கறுத்து, வெளியே நீண்டிருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. மருத்துவர் டெர்மோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம் என்றார்.

மரத்துப்போக ஊசி போடும்போது சுரீரென்று எரிந்தது. அதன் பிறகு இழுப்பது மட்டுமே தெரிந்தது. மச்சத்தையும் அதைச் சுற்றி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, கண் வடிவத்தில் முழுசாக வெட்டி எடுத்துத் தையல் போட்டார். எடுத்த துண்டு பயாப்ஸிக்குப் போனது. லேசர் வைத்தோ சுட்டோ மச்சத்தை எடுப்பவர்களிடம் இதைத்தான் மன்றாடிச் சொல்கிறேன்: சுட்டுவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. மெலனோமாவில் எல்லாமே ஆழத்தைப் பொறுத்தது, அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும். அந்த ஆழத்தை அளக்க அந்தத் துண்டு முழுசாக வேண்டும்.

முடிவு வரும் வரை ராத்திரியில் சரியான தூக்கமில்லை. ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ்' என்று இருந்தது. செல்கள் கொஞ்சம் ஒழுங்கு தவறிய மச்சம், புற்றுநோய் இல்லை, வெட்டிய ஓரங்களும் சுத்தம். இன்னொரு தடவை வெட்டத் தேவையில்லை என்றார்கள். இத்தகைய மச்சம் ஒருவருக்கு இருந்தால் மற்ற இடங்களில் கவனம் கூட வேண்டும் என்பதால், வீட்டில் பார்ப்பதோடு மருத்துவரிடமும் முறையாகக் காட்டி வருகிறேன். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டையும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும்.

ரத்த உறவு என்பதால் தங்கையையும் பார்க்கச் சொன்னார்கள். அவளுடைய கால் பெருவிரல் நகத்தில் நீளவாக்கில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. நம் நிறத்தவர்களுக்கு அப்படிக் கோடு விழுவது சகஜம், பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் கோடு அகலமாகிறதா, நிறம் நகத்தைத் தாண்டி அதை ஒட்டிய தோலுக்குப் பரவுகிறதா என்று கவனிக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது அவளுடைய படங்களை நான் எடுக்கிறேன்.