நம்ம டேட்டாவ நாமளே அழிக்க முடியாதா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் மேலாளர் கேட்ட கேள்வி இது. டேட்டாவின் தினசரி நகல்களைச் சேர்த்து வைக்கும் பேக்கப் பெட்டி நிறைந்து, அன்றைய பேக்கப் பாதியில் நின்றிருந்தது. "பழசை அழிச்சு விடுங்கண்ணே, இடம் கிடைச்சிரும்ல?" என்றார். முடியாது என்றேன். எடுத்த பேக்கப்பை 30 நாளுக்கு யாரும் அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி போட்ட பூட்டு அது. அட்மின் பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. அப்போதுதான் அப்படிக் கேட்டார்.

பூட்டே இல்லையென்றாலும் பழசை அழித்து இடம் பிடித்திருக்க முடியாது. இது டீடூப் பெட்டி, அதாவது ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காது. தரவைச் சில கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் என்ற கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிடும். ஏற்கெனவே இருக்கிற துண்டு வந்தால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி மட்டும்தான் பதிவாகும். ஒன்றாம் தேதி பேக்கப்பை அழித்தாலும், அதன் துண்டுகளில் பெரும்பாலானவற்றை இரண்டாம் தேதி பேக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். யாருக்கும் வேண்டாத துண்டுகூட, பெட்டி தன்னைத்தானே துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஓடி முடிகிறவரை இடத்தை விடாது.

இடத்தை விழுங்கியது புதுசு. டேட்டாபேஸ் 200 ஜிபி. ஒரு நாளில் மாறுவது 6 ஜிபி. மதுரையில் வைத்திருக்கும் இரண்டாவது பிரதிக்கு 20 எம்பிபிஎஸ் லைனில் அது 40 நிமிடத்தில் போய்விடும். இடையில் சாஃப்ட்வேர்காரர்கள் பேக்கப்புக்காக டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் டம்ப் ஃபைலை என்கிரிப்ட் செய்யத் தொடங்கியிருந்தார்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றினார்கள். உள்ளே அதே விவரம்தான், ஆனால் தினமும் வேறு பைட்டுகள். ஒரு துண்டும் பழசோடு பொருந்தாது. இரவுக்கு 200 ஜிபி. மதுரைக்குப் போக 22 மணி நேரம் ஆகும், அதுவும் லைன் முழுவதும் இதற்கே கிடைத்தால். டம்ப்பில் என்கிரிப்ஷனை நிறுத்தி, டீடூப் ஆன பிறகு பெட்டியிலும் லைனிலும் வைப்பதுதான் முறை. அப்படியே மாற்றினோம். அன்றைய பேக்கப்பை மட்டும் தனி யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வைத்தோம்.

கோளாறு தீர்ந்தது. அவர் கேள்விதான் விடவில்லை. பூட்டு போட்டதே, அட்மின் பாஸ்வேர்டைத் திருடி வருகிறவன் பேக்கப்பைத்தான் முதலில் அழிப்பான் என்பதால். மதுரைக்கு அப்படியே நகல் அனுப்பும் ரெப்ளிகேஷனை நம்பியும் இருக்க முடியாது. இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரும். ஆக பூட்டு நியாயம். ஆனால் அதே பூட்டுதான், இடத்தை விழுங்கிய புதுசையும் அழிக்க விடாமல், அன்றைய பேக்கப்புக்கு இடமில்லாமல் செய்தது. காப்பதற்கு வைத்தது குறுக்கே நிற்கும்போது, உரிமையாளரிடம் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் சொல்வது போதுமா? பூட்டு போடும் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தோம் என்பது உண்மை. அந்தத் தாள், பெட்டி நிறைந்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரிய வைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அவர் இப்போது பூட்டு 7 நாள் போதும் என்கிறார். டேட்டாவை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். 7 நாளில் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். கார்த்திகை, மார்கழியில் புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன் பக்கம் கரண்டும் லைனும் நாள்கணக்கில் போகும். அந்த நாள்களும் கணக்கில் கழியும். 14 நாளுக்குச் சம்மதித்திருக்கிறேன். கூடவே, டீடூப் எவ்வளவு இடம் மிச்சம் பிடிக்கிறது என்று காட்டும் விகிதம் ஒரே இரவில் பாதியாகக் குறைந்தால் எங்கள் இருவர் போனுக்கும் அலாரம் வரும்படி வைத்திருக்கிறோம். 14 என்ற எண்ணுக்கு என்னிடம் முழு நியாயம் இல்லை. 30 என்றபோதும் இருந்ததா என்று யோசிக்கிறேன்.