அடுக்குப் பாறையில் துளை நிலைப்பு: கணினி மாதிரித் தேர்வுக்குப் படித்த விதம்

பாறை இயக்கவியல் விருப்பப் பாடத்தின் முடிவுகள் வெளியாகிவிட்டன. தேறியதைவிட, அடுக்கடுக்கான பாறையில் தோண்டும் கிணற்றின் சுவர் நிற்குமா சரியுமா என்ற அடுக்குப் பாறைக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்ததுதான் எனக்குப் பெரும் நிம்மதி. எங்கள் வகுப்பில் பலருக்கு மதிப்பெண் குறைந்த இடம் அதுவே. அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், நினைவு மங்குமுன் எழுதி வைக்கிறேன். எழுத்துத் தாள், ஆய்வகத்தில் கணினித் தேர்வு, அதையொட்டிய வைவா என்ற அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. அதைப் பற்றி மேலும் சொல்லப்போவதில்லை.

வட்டத் துளையைச் சுற்றித் தகைவு (பாறைக்குள் ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை) எப்படிப் பரவுகிறது என்பதற்குக் கிர்ஷ் 1898-இல் தந்த தீர்வு கைவசம் இல்லாமல் இந்தத் தாளைத் தொட வேண்டாம். செங்குத்துக் கிணற்றின் சுவரில், துளையைச் சுற்றிய திசையில் செயல்படும் சுற்றுத் தகைவின் உச்சம், பெருங்கிடைத் தகைவின் (கிடைத் தகைவுகளில் பெரியது) மும்மடங்கிலிருந்து சிறுங்கிடைத் தகைவையும் (சிறியது) துளையை நிரப்பும் துளையிடு சேற்றின் அழுத்தத்தையும் கழித்தால் வருவது; அது சிறுங்கிடைத் தகைவின் திசையில் அமைகிறது, சுவர் உடைந்து விழுவதும் அங்கேதான். இவ்வளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். ஒருபடித்தான பாறைக்கு இதுவே போதும்.

அடுக்குப் பாறை என்றதும் எல்லோரும் ஜேகர் 1960-இல் தந்த ஒற்றைப் பலவீனத் தளச் சூத்திரத்தைத் தேடி ஓடுகிறார்கள். என் அழுத்தமான கருத்து: அந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதில் எண்களை இட்டு விடை எடுக்காதீர்கள். அதிலுள்ள பீட்டா என்ற கோணத்தைச் சில நூல்கள் தளத்தின் செங்கோட்டுக்கும் பெருந்தகைவுக்கும் இடையில் அளக்கின்றன, சில நூல்கள் தளத்துக்கும் பெருந்தகைவுக்கும் இடையில் அளக்கின்றன. அதோடு, கிணற்றுச் சுவரைச் சுற்றி வரும்போது முதன்மைத் தகைவுகளின் திசை புள்ளிக்குப் புள்ளி திரும்புவதால், பீட்டாவும் ஒவ்வொரு புள்ளியிலும் மாறுகிறது. இதற்குப் பதிலாக, தளத்தின் சாய்வையும் சாய்வுத் திசையையும் கொண்டு ஓர் அலகுச் செங்கோட்டு வெக்டரை எழுதுங்கள். வடக்கு, கிழக்கு, மேல் என்ற வரிசையில் அதன் கூறுகள்: சைன் சாய்வு பெருக்கல் கொசைன் திசை, சைன் சாய்வு பெருக்கல் சைன் திசை, கொசைன் சாய்வு. சுவரின் தகைவு டென்சரையும் (எல்லாத் திசைத் தகைவுகளும் அடங்கிய அணி) அதே அச்சுகளுக்குத் திருப்பி, இந்த வெக்டரால் பெருக்கினால் தளத்தின் மீதான இழுவை வெக்டர் கிடைக்கும். அதைச் செங்கோட்டின் மீது வீழ்த்தினால் செங்கோட்டுத் தகைவு. எஞ்சியது சறுக்குத் தகைவு. கோணத்தை எங்கிருந்து அளப்பது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

நான் பயிற்சிக்கு வைத்திருந்த கணக்கு ஒன்றைத் தருகிறேன். ஆழம் 3000 மீட்டர். பெருங்கிடைத் தகைவு 60, சிறுங்கிடைத் தகைவு 50, செங்குத்துத் தகைவு 65, நுண்துளை அழுத்தம் 30, சேற்று அழுத்தம் 35 மெகா பாஸ்கல். சிறுங்கிடைத் திசையிலுள்ள சுவர்ப் புள்ளியில் சுற்றுத் தகைவு 95, ஆரத் தகைவு 35. பாறையின் பிணைவு வலிமை 15, உராய்வுக் கோணம் 30 பாகை என்றால், பாறை உடையும் எல்லையைச் சொல்லும் மோர்-கூலும் விதிப்படி அது தாங்கக்கூடிய விளைவுத் தகைவு (தகைவிலிருந்து நுண்துளை அழுத்தத்தைக் கழித்தது) ஏறத்தாழ 67, வருவதோ 65. பாறை தாங்குகிறது. இப்போது மலையடிவார மடிப்புகளில் காண்பதுபோலப் படுகைத் தளம் (அடுக்குகள் ஒன்றையொன்று தொடும் தளம்) செங்குத்தாக நிற்கிறது, அதன் செங்கோடு சுற்றுத் தகைவின் திசையிலிருந்து 30 பாகை விலகியுள்ளது என்று கொள்ளுங்கள். தளத்தின் மீது செங்கோட்டுத் தகைவு 80, விளைவு மதிப்பு 50, சறுக்குத் தகைவு 26. தளத்தின் பிணைவு 3, உராய்வுக் கெழு 0.4 எனில் அது தாங்குவது 23 மட்டுமே. பாறை நிற்கிறது, அடுக்கு சறுக்குகிறது. இந்தப் புள்ளியில் சறுக்கலை நிறுத்தச் சேற்று அழுத்தம் 39.5 வேண்டும், சேற்றின் அடர்த்தியில் சொன்னால் கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராமிலிருந்து 1.34-க்கு உயர வேண்டும். கோணத்தை மறுபக்கத்திலிருந்து அளந்து 60 பாகை என்று வைத்தால் விடை 49 மெகா பாஸ்கல், அடர்த்தி 1.67 என்று வரும். சிறுங்கிடைத் தகைவு 50 என்பதை மறக்க வேண்டாம்: அந்த விடையை நம்பித் துளையிட்டால், சேறு பாறையைப் பிளந்து வெளியேறும் எல்லையின் விளிம்பில் கிணறு நிற்கும். அச்சுகளை முதலில் தாளில் வரைந்துவிட்டே விசைப்பலகையைத் தொட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நிதானமாக வேலை செய்கிறவர்களுக்கு இந்த முறை பொருந்தும். வேகமாகத் தட்டிப் பார்த்துத் திருத்துகிறவர்களுக்கு எரிச்சலூட்டலாம், ஆனாலும் இதையே பரிந்துரைக்கிறேன்.

கணினித் தேர்வில் தகைவைக் கணிக்கும் மென்பொருள் அபாகஸ் ஆனாலும் ஃபிளாக் ஆனாலும், அடுக்கைச் சேர்க்கும் முன் நான் பார்த்தவை:

- அடுக்கே இல்லாத மீள்தன்மைப் பாறையை முதலில் ஓட்டுங்கள். மேலுள்ள எண்களுக்குச் சுவரில் 95-உம் 55-உம் வர வேண்டும்.
- தகைவு, மாதிரியைப் பிரிக்கும் வலையின் ஒவ்வோர் உறுப்பின் உள்ளே கணக்கிடப்படுகிறது, சுவரின் மேல் அல்ல. எனவே உச்சம் சற்றுக் குறைவாகத் தெரியும். சுவரருகே வலையை நுண்ணியதாக்குங்கள்.
- வெளி எல்லை துளை ஆரத்தின் 10 மடங்குக்குக் குறையக் கூடாது.
- இந்த மென்பொருள்களில் இழுவிசை நேர்க்குறி. பாறை இயக்கவியல் நூல்களில் அமுக்கம் நேர்க்குறி. தாளின் தலைப்பிலேயே குறியீட்டை எழுதிவிடுங்கள்.
- குறுக்குச் சமச்சீர்ப் பாறைக்கு (அடுக்கின் தளத்துக்குள் ஒரே தன்மை, அதற்குக் குறுக்கே வேறு தன்மை) ஐந்து மீள்தன்மை மாறிலிகள். அவற்றை எத்திசையிலும் ஒரே தன்மையுள்ள பாறையின் மதிப்புகளுக்குக் கொண்டுவந்தால் கிர்ஷ் விடையே திரும்ப வர வேண்டும்.

ஐந்து மாறிலிகளுக்காக நீண்ட நேரம் செலவிடுகிறவர்களைப் பார்த்தேன். களிப்பாறையில் சேற்று அடர்த்தியைப் பெரிதும் தீர்மானிப்பது வலிமையின் திசைவேறுபாடுதான், மீள்தன்மையின் திசைவேறுபாடு அதற்கு அடுத்த நிலையில்தான் என்பது என் மதிப்பீடு. நேரத்தையும் அப்படியே பங்கிடுங்கள்.

வைவாவில் எனக்கு வந்த முதல் கேள்வி, கிடையான அடுக்கில் செங்குத்துக் கிணறு தோண்டினால் அடுக்கு ஏன் பாதிப்பதில்லை என்பது. இழுவை வெக்டரைப் பலகையில் எழுதினேன். செங்குத்துத் தகைவு முதன்மைத் தகைவாக இருக்கும்போது, கிடைத் தளத்தின் மீது சுவரில் சறுக்குத் தகைவே இல்லை என்பது ஒரே வரியில் தெரிந்துவிட்டது. அங்கிருந்து பேச்சு, கிணறு அடுக்கைச் சந்திக்கும் கோணத்துக்குப் போனது. நார்வேயின் ஓசெபர்க் எண்ணெய் வயலில் டிராப்னே களிப்பாறை வழியே அடுக்குக்கு ஏறத்தாழ இணையாகச் சென்ற கிணறுகள் சரிந்ததை எக்லாண்டும் குக்கும் 1998-இல் விளக்கினார்கள். கொலம்பியாவின் குசியானா எண்ணெய் வயலில் அடுக்குக்குக் குறுக்கே, மேல்சாய்வு நோக்கித் துளையிடுவது நல்லது என்று கண்டறியப்பட்டது. இவ்விரண்டையும் காரணத்தோடு சொல்ல முடிந்தால், வைவாவின் பெரும்பகுதி நம் கையில்.

'அடுக்கு' என்று கேள்வித்தாள் சொல்லும்போது எந்த அடுக்கு என்பதையும் பாருங்கள். மெல்லிய படுகைகள் ஒரே களிப்பாறைக்குள் இருந்தால் மேலே சொன்ன தளக் கணக்கு. மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி மீட்டர் கணக்கில் வந்தால் அது வேறு: ஒவ்வொரு பாறைக்கும் தனியே சேற்று அடர்த்தியின் எல்லைகளை (கீழ் எல்லைக்குக் குறைந்தால் சுவர் சரியும், மேல் எல்லையைத் தாண்டினால் பாறை பிளக்கும்) கணக்கிட்டு, கீழ் எல்லைகளில் பெரியதையும் மேல் எல்லைகளில் சிறியதையும் எடுக்க வேண்டும். கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டால், சுவரைத் தாங்க இறக்கும் உறைக்குழாயை எங்கே நிறுத்துவது என்று எழுதுவதே விடை. பலவீனத் தளங்கள் பாறை முழுதும் பரவியிருப்பதாகக் கொள்ளும், ஃபிளாக்கின் யுபிக்விட்டஸ் ஜாயின்ட் மாதிரியில் தளங்களுக்கு இடைவெளி என்ற ஒன்றே கிடையாது. தடித்த அடுக்குகளுக்கு அதைப் பயன்படுத்தினால் தேர்வாளர் நிச்சயம் கேட்பார்.

கடைசியாக, அடர்த்தியைக் கூட்ட வேண்டும் என்ற விடையோடு நிறுத்தாதீர்கள். தளங்கள் ஏற்கெனவே திறந்திருந்தால், கூட்டிய அழுத்தம் சேற்றின் திரவத்தை அவற்றுக்குள் செலுத்தி, அங்குள்ள நுண்துளை அழுத்தத்தை உயர்த்திச் சறுக்கலை வளர்க்கும். அப்போது விரிசலை அடைக்கும் பொருள்களும் வேண்டும். மேலே வரும் சேற்றிலிருந்து பாறைத் துண்டுகளைப் பிரிக்கும் அதிர்வுச் சல்லடையில் வந்து விழும் துண்டுகளைப் பார்த்து இதை அறியலாம்: கூரிய முனைகளோடு கோணலாக இருந்தால் பாறையே உடைந்திருக்கிறது, இரு பக்கமும் இணையான தட்டையான பலகைகளாக வந்தால் அடுக்கு கழன்றிருக்கிறது. எழுத்துத் தாளின் கடைசிக் கேள்வியில் அத்தகைய பலகைத் துண்டுகளின் படத்தைத் தந்து, அடர்த்தியைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தார்கள்.