ஃபீடரின் கடைக்கோடியில் இருந்து படியுங்கள்: மின்பகிர்மானப் பாதுகாப்புப் பாடம் குறித்து

மின்பகிர்மானப் பாதுகாப்பையும் தானியக்கத்தையும் விருப்பப்பாடமாக எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் பலரும் ரிலே (கோளாறை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) வகைகளை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறார்கள். அப்படிப் படித்தால் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோகும். ஒரு ஃபீடரை, அதாவது சப்ஸ்டேஷனில் இருந்து மின்சாரம் கொண்டுபோகும் லைனை, காகிதத்தில் வரைந்து, அதன் கடைக்கோடியில் இருந்து சப்ஸ்டேஷனை நோக்கி வாருங்கள். எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது இந்த வழியில்தான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் 11 கே.வி. லைனை மனதில் வைத்து நான் வரைந்தேன். கடைசியில் இருக்கும் ரிலேக்கு சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டும் மின்மாற்றி) 200/1, பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) 100 சதவீதம், டி.எம்.எஸ். (நேரத்தைப் பெருக்கும் அமைப்பு) 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 ஆம்பியர் ஃபால்ட் (கோளாறு) வந்தால் பி.எஸ்.எம்., அதாவது ஃபால்ட் மின்னோட்டம் பிக்கப்பைப் போல எத்தனை மடங்கு என்பது, 10. ஸ்டாண்டர்ட் இன்வெர்ஸ் வளைவில் (மின்னோட்டம் கூடக்கூட ரிலே இயங்கும் நேரம் குறையும் வளைவு) டி.எம்.எஸ். 1 என்றால் 2.97 நொடி ஆகும், நமக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 0.3 நொடி. அதற்கு முன்னால், சப்ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ரிலேக்கு சி.டி. 400/1, பிக்கப் அதே 100 சதவீதம் என்றால், அதே ஃபால்ட்டுக்கு பி.எஸ்.எம். 5 தான், டி.எம்.எஸ். 1-இல் நேரம் 4.28 நொடி. கடைசி ரிலேதான் முதலில் இயங்க வேண்டும்; இரண்டுக்கும் இடைவெளி 0.35 நொடி வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ரிலே 0.65 நொடிக்கு முன் இயங்கக் கூடாது. 0.65-ஐ 4.28-ஆல் வகுத்தால் அதன் டி.எம்.எஸ். 0.152. இங்கே 0.15 என்று கீழே இறக்கினால் இடைவெளி குறைந்துவிடும், 0.16 என்று மேலேதான் ஏற்ற வேண்டும்.

அந்த 0.35 நொடிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்: பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, பழைய தட்டு ரிலேயாக இருந்தால் அதன் ஓவர்ஷூட் (மின்னோட்டம் நின்ற பிறகும் தட்டு கொஞ்சம் சுற்றுவது), கொஞ்சம் பாதுகாப்பு இடம். வைவாவில் பெரும்பாலும் இங்கேதான் மடக்குவார்கள். இடைவெளியைச் சரிபார்ப்பது அதிகபட்ச ஃபால்ட் மின்னோட்டத்தில். ரிலே உணருமா என்று பார்ப்பது குறைந்தபட்சத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எர்த் ஃபால்ட்டுக்கு (மின்சாரம் பூமிக்குப் பாயும் கோளாறு) தனி நேரம் ஒதுக்குங்கள். அறுந்த கம்பி காய்ந்த மண்ணில் கிடந்தால் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு, மின்னோட்டம் மிகுந்தால் இயங்கும் ஓவர்கரன்ட் ரிலே அதை வழக்கமான சுமை என்றே நினைக்கும். எர்த் ஃபால்ட் ரிலேகூடத் தவறவிடலாம். மிதிப்பவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

அப்புறம் ஆட்டோரீக்ளோசர், அதாவது திறந்த லைனைத் தானே மறுபடி மூடும் பிரேக்கர். ஆடிக் காற்றில் மட்டை உரசி விலகினால் ஃபால்ட்டும் போய்விடும். மேல்நிலை லைன்களில் வரும் ஃபால்ட்டுகளில் பெரும்பாலானவை இப்படித் தற்காலிகமானவை. அதனால்தான் ரீக்ளோசர் ஒருமுறை திறந்து மறுபடி மூடிப் பார்க்கிறது. பூமிக்கடியில் கேபிள் மட்டும் ஓடும் ஃபீடருக்கு இது பொருந்தாது, அங்கே வரும் ஃபால்ட் பெரும்பாலும் நிரந்தரம். ரீக்ளோசருக்கு அடுத்து லைனில் இருக்கும் செக்‌ஷனலைசர் என்ற சுவிட்சுக்கு ஃபால்ட் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் கிடையாது. ரீக்ளோசர் திறப்பதை எண்ணிக்கொண்டிருந்து, மின்சாரம் இல்லாத இடைவேளையில் தான் திறந்துகொள்ளும்.

தானியக்கம் (ஃபீடரைத் தொலைவில் இருந்து கண்காணித்து இயக்குவது) புரிய வேண்டுமென்றால் ஒரு லைன்மேனிடம் பத்து நிமிடம் பேசுங்கள். ஃபீடர் டிரிப் ஆனால் அவர் நடுவில் கம்பத்தில் இருக்கும் ஏ.பி. சுவிட்சைப் பிரித்து, பாதியை டெஸ்ட் சார்ஜ் செய்து (மின்சாரம் கொடுத்துப் பார்த்து), எந்தப் பக்கம் கோளாறு என்று ஒதுக்கிக்கொண்டே போவார். ஃபால்ட் மின்னோட்டம் கடந்துபோனால் எரியும் ஃபால்ட் பாஸேஜ் இண்டிகேட்டர், லைனில் இருந்து தகவல் அனுப்பும் எஃப்.ஆர்.டி.யூ., கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் ஸ்காடா மூன்றும் சேர்ந்து அதையே தொலைவில் இருந்து செய்கின்றன. கடைசியாக எரிந்த இண்டிகேட்டருக்கும் எரியாத முதல் இண்டிகேட்டருக்கும் நடுவில்தான் ஃபால்ட். அந்தத் துண்டைப் பிரித்துவிட்டு, மறுமுனை ஃபீடரில் இருந்து மீதிக்கு மின்சாரம் கொடுக்க, அந்த ஃபீடர் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விடையில் விட்டுவிடுகிறார்கள்.

தகவல்தொடர்பு அத்தியாயம் சிறியது. கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைகளில் ஐ.இ.சி. 61850 சப்ஸ்டேஷனுக்குள், 60870-5-104 சப்ஸ்டேஷனில் இருந்து கட்டுப்பாட்டு மையத்துக்கு; இந்த வேறுபாடு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

வீட்டில் படிக்க இடம் இல்லாதவர்களுக்கு மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கேட் (GATE) தேர்வு எழுதுபவர்கள் திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். இன்வெர்ஸ் வளைவில் 0.02 அடுக்கு வரும். பி.எஸ்.எம். 10-க்கு அது 1.047; இடையில் இரண்டு தசமத்தோடு முழுமையாக்கினால் 1.05 ஆகி, 2.97 நொடி 2.8 ஆகிவிடும்.