இரண்டாந்தரம் முழங்கால் மாற்றின கதை

செயற்கை மூட்டுப் போட்ட முதல் ஒப்பரேசனுக்குப் பிறகு சில வருசம் வலது கால் நல்லாத்தான் இருந்தது. திருக்கோணேச்சர ஏற்றத்தைக்கூட ஆறுதலாக ஏறிவிடுவேன். பிறகு கதிரையால் எழும்பி முதல் அடி வைக்கையில் ஒரு குத்து. போகப்போக இரவிலும் நோவு, முழங்காலில் சூடு. உப்புவெளியில் அயலட்டைச் சனம் கன்னியா வெந்நீர்க் கிணறே மருந்து என்றது. ஒரு கிளினிக்கில் "வயசுதான் அம்மா" என்று நோவு மாத்திரையும் அன்டிபயோட்டிக்கும் தந்தார்கள்.

கொழும்பில் பார்த்த எலும்பு டொக்டர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. மூட்டு எலும்பை விட்டுக் கழன்றதா, நடுவிலுள்ள பிளாஸ்டிக் தேய்ந்ததா, கிருமி புகுந்ததா என்று முதலில் தெரியவேண்டும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்றார். அன்டிபயோட்டிக்கை இரண்டு கிழமை நிறுத்தச் சொல்லி, ஊசியால் மூட்டு நீரை எடுத்தார்கள். மருந்து உடம்பில் இருந்தால் கிருமி பரிசோதனையில் பிடிபடாமல் போகுமாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சீஆர்பி இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். கிருமிதான்.

அப்படியென்றால் ஒன்றல்ல, இரண்டு ஒப்பரேசன். முதலாவதில் பழைய மூட்டைக் கழற்றிச் சுத்தமாக்கி, அன்டிபயோட்டிக் கலந்த எலும்புச் சீமெந்தை அந்த இடத்தில் வைத்தார்கள். பிறகு நாளத்தால் மருந்து. வழக்கமாக ஆறு கிழமை அளவில் போகும். ஒப்பரேசனைவிட இந்த இடைக்காலம்தான் என்னை வாட்டியது. காலை ஊன்ற முடியாது. கட்டில் ஹோலுக்கு வந்தது, கொமட் கதிரை கட்டிலருகே. குளிக்க வார்ப்பதும் மகள்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் "இன்னும் போடேல்லையா?" என்பார்கள். சீஆர்பி இறங்கவேண்டும், சீனியும் கட்டுப்படவேண்டும் என்று எத்தனை பேருக்குத்தான் விளங்கப்படுத்துவது! ஒரு கட்டத்தில் மகளே வாசலில் வைத்துப் பதில் சொல்லி அனுப்பினாள்.

இரண்டாவதில் எலும்புக்குள் நீளத் தண்டு இறங்கும் மூட்டைப் பூட்டினார்கள். இந்தமுறை தேறுவதும் மெதுவாகத்தான். பிசியோ மிஸ் காலை மடக்கும்போது கத்தியிருக்கிறேன். இப்போது தொண்ணூறு பாகை மட்டில் மடங்குகிறது. நிலத்தில் இருக்க ஏலாது. கடைக்குப் பொல்லோடு போய்வருகிறேன்.

மூட்டுப் போட்டவர்களுக்கு ஒன்று: எந்தக் கொம்பனி மூட்டு, என்ன அளவு என்ற விபரம் ஒப்பரேசன் குறிப்பில் இருக்கும். அதன் பிரதியை இப்பவே கேட்டு வாங்கி வையுங்கோ. என்னிடம் டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான். மகள் பழைய ஆஸ்பத்திரிக்கு அலைந்துதான் எடுத்தாள்.