ஆங்கிலத் துறை வழியாக வந்த தமிழ்

கனடாவில் புதிதாகப் பழகுகிற யாரும் முதலில் கேட்பது, "அங்க என்ன வேலை பார்த்தீங்க?" திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்பேன். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறையும். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளா இவள் என்ற சிரிப்பு.

புதுக் குடியேறிகளுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்தவர், 'வெளியீடுகள்' என்ற பகுதியை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னார். கடை வேலைக்கு அதெல்லாம் எதற்கு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் மதிப்பெண் போடும் ஏபிஐ முறையைக் கொண்டுவந்த பிறகு நம் ஊர்க் கல்லூரிகளில் கருத்தரங்குகள் பெருகிய கதை எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குத் தெரியும். கட்டணம் கட்டினால் ஒரு பை, மதியச் சாப்பாடு, சான்றிதழ், ஐஎஸ்பிஎன் போட்ட தொகுப்பில் நம் கட்டுரை. ஜும்பா லாஹிரி கதைகளில் புலம்பெயர்ந்தோரின் தவிப்பு என்று வருஷா வருஷம் யாராவது வாசிப்பார்கள். நானும் வாசித்திருக்கிறேன், பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்காத காலத்தில்.

வேலை கிடைக்காத மாதங்களில் டொராண்டோ பல்கலைக்கழகத்துப் பக்கம் போய்வர ஆரம்பித்தேன். நாங்கள் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில், கீழ்த்தளத்தில். 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு ஸ்கார்பரோ ரயில் தடத்தையே மூடிவிட்டார்கள். அதனால் கென்னடி நிலையம் வரை பஸ், அப்புறம் சுரங்க ரயில். பல்கலைக்கழகத்தின் விக்டோரியா கல்லூரி வளாகத்தில் இலக்கிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1957-இல் வந்த அவருடைய 'அனாட்டமி ஆஃப் கிரிட்டிசிசம்' எம்.ஏ. படித்தபோது என்னைப் பாடாய்ப் படுத்திய புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், என்ன பரிசு வாங்கியிருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. விட்ட தொழிலை எட்டி நின்று பார்க்கிற ஆசைதான். எனக்கு ஆச்சரியம், ஆராய்ச்சி நூல்களோடு கவிதையும் நாவலும் சேர்ந்தே இருந்தது. ஜார்ஜ் எலியட் கிளார்க் அங்கே பேராசிரியர். 2016, 2017 ஆண்டுகளில் கனடா நாடாளுமன்றத்தின் அரசவைக் கவிஞராகவும் இருந்தவர். ராண்டி போயகோடா இலங்கைப் பெற்றோருக்கு டொராண்டோவுக்குப் பக்கத்து ஊரான ஒஷாவாவில் பிறந்தவர். நாவல் எழுதுகிறார், பேராசிரியராகவும் இருக்கிறார். எங்கள் கல்லூரியில் யாராவது நாவல் எழுதினால் அதற்கு எத்தனை மதிப்பெண் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

இங்கே மட்டும் கணக்கு இல்லாமல் இல்லை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் ஒரு புத்தகத்தோடு நிரந்தரப் பதவிக்கான பரிசீலனைக்குப் போகவேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பல்கலைக்கழகப் பதிப்பகம் முகம் தெரியாத அறிஞர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கும். திருத்தம், மறுபடி திருத்தம். வெளிவந்தால் விற்பது சில நூறு பிரதிகள். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் வகுப்பெடுப்பவர்கள் பெயர் இந்தப் பட்டியல்களில் அபூர்வமாகத்தான் தட்டுப்படும். அவர்களுக்கு எழுத நேரம் ஏது?

இப்படித் தேடுவதை ஒருநாள் மேல்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "பிள்ளை, அப்ப செல்வா சேரைத் தெரியுமோ உமக்கு?"

தெரியாது. பல்கலைக்கழகத்தின் ராபர்ட்ஸ் நூலகத்தில் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். செல்வா கனகநாயகம், இலங்கைத் தமிழர், அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஆர்.கே. நாராயண், ஜி.வி. தேசானி போன்றோரின் புனைகதைகளைப் பற்றி 2002-இல் ஆராய்ச்சி நூல் வெளியிட்டவர். பதவி உயர்வுக்கு உதவுவது அந்த மாதிரி நூல்தான். அதற்கு முந்தைய ஆண்டே ஈழத்துத் தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் 'லூட்சாங் அண்ட் லமென்ட்' என்று தொகுத்திருந்தார். 2011-இல், ஈழப் போரைப் பற்றி எழுதிய கவிஞர் சேரனின் கவிதைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, 2013-இல் உலகெங்குமுள்ள தமிழ்க் கவிஞர்களின் தொகுப்பு. மொழிபெயர்ப்பையும் தொகுப்பையும் ஆங்கிலத் துறைகள் பொதுவாக இரண்டாம் பந்தியில்தான் உட்கார வைக்கும். இவர் அதிலேயே இத்தனை வருஷம் உழைத்திருக்கிறார். 2014-இல் கனடாவின் அறிஞர் அவையான ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. அந்த விழாவுக்காகக் கியூபெக் நகரம் போன இடத்தில், நவம்பரில், மாரடைப்பில் இறந்துவிட்டார்.

ஆராய்ச்சி நூலை மரியாதையோடு படித்தேன், அவ்வளவுதான். சேரன் புத்தகம் வேறு. அது அக்கா வீட்டு ஷெல்ஃபில் மகளின் உயிரியல் பாடப் புத்தகங்களுக்கு நடுவே நிற்கிறது. அந்தப் பெண் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அலுத்துப்போவாள். அம்மா ஏன் சில தேதிகளில் யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்பதை அந்த ஆங்கிலக் கவிதைகளைப் படித்த பிறகுதான் கேட்கவே தோன்றியதாம். ஒரு பேராசிரியரின் சாதனையை எதை வைத்து அளப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்த ஷெல்ஃபைத்தான் காட்டுவேன்.

இப்போது அதே பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழுக்கென்றே ஓர் இருக்கை, அதாவது தனிப் பேராசிரியர் பதவி, அமைக்க கனடாத் தமிழர்கள் சேர்ந்து 30 லட்சம் டாலர் திரட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் இருக்கை ஒன்றும் இல்லாத நாளிலேயே ஆங்கிலத் துறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அந்த வேலையை ஆரம்பித்துவிட்டார் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

அக்காவும் இருக்கைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். "அப்ப இவளுக்குத் தமிழ் வாசிக்கப் படிப்பிப்பினமோ?" என்று கேட்டார். அது ஆராய்ச்சிக்கான இருக்கை அக்கா, எழுத்துக்கூட்டச் சொல்லித்தர மாட்டார்கள் என்றேன்.

"அப்ப நீர் படிப்பியும்" என்றார். சனிக்கிழமை காலையில் மேலே போகிறேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் 'ற', 'ர' குழப்பம் தீரவில்லை.