எங்கள் நகர் பூங்காவும் காணாமல் போன தானப்பத்திரமும்

பூங்கா இடம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, வேலியும் போட்டாயிற்று. அலைந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும். தஞ்சை மாவட்டம், ஊர்ப் பெயர் வேண்டாம்.

நஞ்சை வயலை மனை போட்டு விற்ற நகர் எங்களுடையது. வரைபடத்தில் நடுவில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும், நேரில் போனால் கருவேல முள்ளும் வீடு இடித்த கப்பிகளும்தான். ஐப்பசி மழையில் நாலு தெருத் தண்ணீரும் அங்கேதான் போய் நிற்கும், அதனால்தான் எங்கள் வீடுகளுக்குள் வரவில்லை என்பது வேறு விஷயம். ஒருநாள் காலையில் பார்த்தால் மனை போட்டவரின் மகன் நாலு மூலையிலும் கல் நட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு "பட்டா எங்கப்பா பேர்லதானே இருக்கு, போய்ப் பாருங்க சார்" என்றார். பார்த்தோம், அவர் சொன்னது உண்மைதான்.

பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது தெரிந்ததுதான். அந்தப் பத்திரம் எங்கே என்பதில்தான் எங்கள் பாடு ஆரம்பித்தது. மனை போட்ட காலத்தில் எங்கள் பகுதி ஊராட்சி, பிறகுதான் நகராட்சியோடு சேர்ந்தது. நகராட்சி எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அது ஊராட்சி காலத்து ஃபைல், எங்ககிட்ட வரலை" என்றார். ஒன்றிய அலுவலகத்தில் "சேர்க்கும்போதே எல்லாத்தையும் கட்டிக் கொடுத்துட்டோமே" என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவும் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அதே எழுத்தர் மேஜைக்குத்தான் வந்தது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: 'ஆவணம் இல்லாததால் நடவடிக்கை எடுக்க இயலாது.'

சரி என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டோம். 30 நாள் கெடு முடிகிற சமயத்தில், கோப்பு அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தது. தெருவில் பாதிப்பேர் சோர்ந்துபோனார்கள். எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. கோப்பைத் தொலைத்தது நாங்கள் இல்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களே!

திருப்பம் வந்தது சார்பதிவாளர் அலுவலக வாசலில். அங்கே உட்கார்ந்திருக்கும் வயதான பத்திர எழுத்தரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எந்த சர்வே நம்பர்ல வில்லங்கம் பார்த்தீங்க?" வில்லங்கம் என்றால் அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். கம்ப்யூட்டர் சென்டர் பையன் இப்போதைய உட்பிரிவு எண்ணைப் போட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தான். மனை போடுவதற்கு முன்னால் இருந்த தாய் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் பெரியவர். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு கிடையாது, அங்கேயே செல்போனில் பார்த்தோம். வரிசையாக மனை விற்ற பத்திரங்கள், அதற்கெல்லாம் மேலே தானப்பத்திரம்! எழுதி வாங்கியது ஊராட்சி ஒன்றிய ஆணையர். நகராட்சிப் பெயரில் தேடியவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

ஆக, உங்கள் ஊரில் இப்படி ஏதாவது என்றால் கோப்பைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறாதீர்கள். மனைப்பிரிவு வரைபட நகலில் பழைய சர்வே எண் இருக்கும், அதை வைத்து முதலில் வில்லங்கம் பாருங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சரியாகப் போடுங்கள், நகர் பெயரைப் போட்டால் வராது. பத்திர நகலுக்கு மனுப் போட்டு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் எழுதுகிற ஒவ்வொரு மனுவின் முதல் வரியிலும் பத்திர எண், வருடம், சார்பதிவகம் மூன்றும் இருக்கட்டும். அதே எழுத்தர் இந்த முறை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பட்டா மாற்றத்தில் ஒரு வீண் அலைச்சல். ஜமாபந்தியில், அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில், நாங்களே மனுக் கொடுத்தோம், தானம் வாங்கிய உள்ளாட்சிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். கவுன்சிலர் முனைந்து நகராட்சி ஆணையரிடம் கடிதம் வாங்கித் தந்தார், மாறிவிட்டது. கல்லைப் பிடுங்கியதும் நகராட்சி ஆட்கள்தான். நாமே பிடுங்கினால் நம் மேல் வழக்கு வரும், கை வைக்காதீர்கள்.

இடம் வந்ததும் தெருவுக்குள்ளேயே தகராறு. ஒரு கோஷ்டி பிள்ளையார் கோயில் கட்டலாம் என்றது. பிள்ளையார் மேல் எனக்கு வருத்தமில்லை, ஆனால் பூங்காவுக்கென்று தானம் கொடுத்த இடத்தில் கட்டடம் எழுப்பினால் நாளைக்கு எதிராளி கோர்ட்டில் அதைத்தான் காட்டுவார். அவர்களைச் சமாதானப்படுத்தி உட்காருவதற்குள் பூங்கா வேலைக்கு நகராட்சி மதிப்பீடு வந்தது: முழுக்க இன்டர்லாக் கல், நடுவில் சிமெண்ட் நீரூற்று, ஓரமெல்லாம் கோனோகார்பஸ். அந்த மரத்துக்கு 2025இல் தமிழக அரசே தடை போட்டிருக்கிறது! டெல்டாவில், அதுவும் வயலாக இருந்த பள்ளத்தில், முழுக்கக் கல் பதித்தால் மழைத் தண்ணீர் எங்கே போகும், எங்கள் வீட்டுக்குத்தானே? பொறியாளரை ஒரு மழை நாளில் கூட்டிவந்து காட்டினோம், முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது நடைபாதைக்கு மட்டும் கல். தாழ்ந்த மூலை குட்டையாகவே இருக்கிறது, நிறைந்தால் குழாய் வழியாக வடிகால் வாய்க்காலுக்குப் போய்விடும். சுற்றிலும் மருதம், புங்கை, நாவல் நட்டிருக்கிறோம்.

விளக்குக்குத் தனி மின் இணைப்பு வேண்டுமாம், மனு நகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கும் உரிமை ஆவணம் கேட்டார்கள். தானப்பத்திர நகலைத்தான் நீட்டினோம்.